அருவி இழிந்தால் அது இழிவா?

கேள்வி: திருமுருகாற்றுப்படையின் முடிவில் 'இழுமென இழிதரும் அருவி' என்று வருகிறதே. முருகனின் மலையைப் பாடும் இடத்தில் ஏன் 'இழி'?

பதில்: இங்கே 'இழி' என்றால் இறங்கு, அவ்வளவுதான். இழுமென்ற ஓசையோடு இறங்கி வரும் அருவி. திருவீழிமிழலைக் கோயிலில் கருவறைக்கு மேலே இருப்பதும் விண்ணிழி விமானம்தான். விண்ணிலிருந்து இறங்கியது என்பது நம்பிக்கை. அதில் இழிவைத் தேடினால் வம்புதான்.

கேள்வி: அப்படியானால் 'கேவலம்' என்ற பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதா?

பதில்: தாழ்வு என்ற பொருளும் பழையதுதான். 'ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே' என்கிறது தொல்காப்பியம். கொடுப்பவரைவிடத் தாழ்ந்த நிலையில் இருப்பவர் 'ஈ' என்று கேட்பார். ஒப்பானவர் 'தா' என்பார். உயர்ந்தவர் 'கொடு' என்பார். இந்த 'இழிந்தோன்' படியில் கீழே நிற்பவன். வசையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க வேண்டுமா? குறள் 964:

தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர்
நிலையின் இழிந்தக் கடை.

மயிர் இழிந்தது இடத்தால், மனிதர் இழிந்தது மதிப்பால். தலையின், நிலையின் என இரண்டிலும் நீங்கலை, அதாவது 'இலிருந்து' என்பதைக் காட்டும் அதே 'இன்' உருபு. உரை சொல்லும்போது ஒன்றை 'உதிர்ந்த' என்றும் மற்றதை 'தாழ்ந்த' என்றும் பிரித்துவிடுகிறோம். பொருள் விளங்கும், சரி; ஆனால் ஒரே வினையை இரண்டு முறை வைத்த சாமர்த்தியம் காணாமல் போய்விடும்.

கேள்வி: இப்போது யாரும் 'மலையிலிருந்து இழிந்தேன்' என்பதில்லையே?

பதில்: சொன்னால் சண்டைக்கு வருவார்கள்! அந்த வேலையை 'இறங்கு' எடுத்துக்கொண்டது. கன்னடத்தில் இதன் உறவுச்சொல் 'இளி' இன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கப் பயன்படும் அன்றாடச் சொல். நம் காதில் பல்லிளிப்பதுபோல் விழும். பல்லிளிப்பில் உள்ள 'இளி' வேறு சொல்.

கேள்வி: இலக்கணத்தில் வரும் இழிவுச் சிறப்பும்மை?

பதில்: 'நாயும் தின்னாத சோறு.' நாய்கூடத் தின்னாது என்று சோற்றின் தாழ்வை அந்த 'உம்' அழுத்திக் காட்டுகிறது. தாழ்வு என்ற பொருள்தான்.

கேள்வி: 'வீழ்' என்பதும் இப்படித்தானா? 'தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்' என்ற குறளில் யார் எங்கே விழுந்தார்?

பதில்: யாரும் விழவில்லை. 1191ஆம் குறள் அது. அங்கே வீழ்தல் என்றால் விரும்புதல். தாம் விரும்புகிறவர் தம்மையும் விரும்பப் பெற்றவர் என்று படியுங்கள். 'வீழ்ச்சி' என்ற சொல்லில் இந்த விருப்பம் இன்று துளியும் இல்லை. அரசும் விலையும் சரிவதற்கே அதைப் பயன்படுத்துகிறோம்.