கடல் உயிரினத் தரவைத் திறந்து பகிர்வது என்றால் என்ன?

எந்த உயிரினம், எங்கே, எந்த ஆழத்தில், எந்த நாளில் தென்பட்டது என்ற பதிவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைப்பதுதான் இது. ஒரு கப்பல் பார்ப்பது கடலில் ஒரு துளி. ஒரே புத்தகத்தின் தாள்களை ஆளுக்கொன்றாகப் பூட்டி வைத்தால் கதை யாருக்கும் புரியாது. அப்படித்தான், பதிவுகள் சேர்ந்தால்தான் ஒரு மீனினம் இடம்பெயர்வது தெரியும். 2009 முதல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் உள்ள ஓபிஸ் (OBIS) இணையத்தளம் இதற்கான பொதுக் களஞ்சியம்.

பதிவைக் கெடுப்பவை சின்னத் தவறுகள்தான். தீர்க்கரேகையில் மேற்கைக் குறிக்கும் கழித்தல் குறி விட்டுப்போனால் புள்ளி வேறொரு கடலில், சில சமயம் தரையிலேயே விழும். தேதியை 2024-03-07 என்று ஆண்டு-மாதம்-நாள் வரிசையிலேயே எழுதுங்கள்; 7/3 என்றால் மார்ச்சா ஜூலையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

திறந்து வைத்தால் உழைத்தவர் பெயர் போய்விடும் என்பது தவறு: சிசி பை (CC BY) என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் பகிர்ந்ததைப் பயன்படுத்துபவர் உங்கள் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.