முகமும் குரலும் மறைப்பது எப்படி? மியான்மர் (பர்மா) ராணுவ ஆட்சியில் ஆவணப்படம்: கேள்வி பதில்

கேள்வி (ரங்கூன்): அண்ணே, பேட்டி கொடுக்கிறவர் முகத்தை எடிட்டிங்கில் மங்கலாக்கினால் போதாதா?

போதாது தம்பி. லேசான மங்கலில் முகவெட்டு அப்படியே நிற்கும். மூல ஃபைல் சிக்கினால் மறைப்பே இல்லை. எடுக்கும்போதே மறையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) ஜன்னல் வெளிச்சத்துக்குப் பூட்டுங்கள். முகம் கறுப்பாகத் தெரிகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எடிட்டிங்கில் இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கினால் முகம் எழுந்து வரும். கையை மட்டும் எடுப்பது மேல். மோதிரம், வாட்ச், பச்சை குத்தல் எதுவும் ஃபிரேமில் வரக்கூடாது.

ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். அனோரத்தா சாலைக் காளி கோயில் கோபுரத்தின் நுனி தெரிந்தாலும் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கோயில் மணியும் பாங்கும் அப்படித்தான்.

கேள்வி (பெகு): குரலைக் கீச்சென்று மாற்றினால்?

ஏற்றிய சுருதியை இறக்கிக் கேட்கலாம். வேறொருவரைப் பேசவையுங்கள். 'எங்க கடைக்கு எதுத்தாப்ல' மாதிரி அடையாளம் சொல்லும் வரிகளை வெட்டுங்கள்.

கேள்வி (மோல்மேன்): ஐயா, தேதி, ஜிபிஎஸ் விவரமெல்லாம் அழித்துவிடட்டுமா?

மூலத்தில் கை வைக்காதீர்கள். வெளியே போகும் பிரதியில் மட்டும் அழியுங்கள். மூலத்துக்கு ஷா-256 (SHA-256, ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து அந்த 64 எழுத்துகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். 27.9.2007 அன்று ரங்கூனில் ஜப்பானியப் படப்பிடிப்பாளர் கென்ஜி நாகாய் சுடப்பட்டு இறந்தார். வழிதவறிய குண்டு என்றது அரசு. அருகிலிருந்து சுட்டதை வேறொருவர் எடுத்த காட்சி காட்டியது. நாகாயின் கேமரா குடும்பத்துக்குக் கிடைத்தது 2023இல்தான். அதனால்தான் மூலத்தைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

கேள்வி (ரங்கூன்): கார்டில் டெலீட் செய்தால் போச்சுதானே?

இல்லை. பட்டியலில்தான் பெயர் போகும். புதிதாக எதுவும் மேலே எழுதப்படும்வரை படம் உள்ளேயே கிடக்கும், மீட்டுவிடலாம். முதல் ஷாட்டிலிருந்தே என்கிரிப்ட் ஆன (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) போனில் எடுங்கள். சிக்கினால், 2021 பிப்ரவரியில் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த, அச்சமூட்டுவது, பொய்ச் செய்தி பரப்புவது பற்றிய 505ஏ பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு.

கேள்வி (பெகு): அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

நொடிக்கு 8 மெகாபிட்டில் எடுத்தால் 1 நிமிடம் 60 எம்பி (8 பிட் 1 பைட்). 10 நிமிடப் படம், நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடில், 80 நிமிடம். 2 மெகாபிட்டாகச் சுருக்கினால் 20. துண்டு துண்டாக அனுப்புங்கள், பாதியில் அறுந்தால் முழுசும் வீணாகாது. 2007 செப்டம்பர் கடைசியில் இணையத்தையே வெட்டினார்கள். கார்டு கை மாறுவதற்கும் ஒரு வழி வைத்திருங்கள்.