கழகப் பயிற்றுநர் மேல் சந்தேகம்: முறைப்பாடு செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா?

கேள்வி: கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் எங்கள் ஊர். விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான். உதைபந்தாட்ட அணியில் 14 வயதுப் பெடியன் ஒருவன் இருக்கிறான். தகப்பன் இல்லை, தாய் குவைத்தில். அம்மம்மாவோடு இருக்கிறான். பயிற்றுநர் அவனுக்குச் சப்பாத்து, போன் எல்லாம் வாங்கிக் கொடுத்து, பயிற்சி முடிந்ததும் தன் வீட்டில் தங்க வைக்கிறார். இரவில் வந்த வட்ஸ்அப் செய்திகளைப் பெடியன் எனக்குக் காட்டினான். உடம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார், அவனும் ஒன்று அனுப்பிவிட்டான். வேறு ஏதும் நடந்ததா என்று கேட்டதற்கு அழுதான். நிர்வாகசபையோ, ஆளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம், வெளியே தெரிந்தால் கழகத்துக்குக் கனடாவில் இருந்து வரும் காசு நின்றுவிடும் என்கிறது. மானநஷ்ட வழக்கு வரும் என்றும் வெருட்டுகிறார்கள். நான் உறவுக்காரன் இல்லை. முறைப்பாடு செய்யலாமா? அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

பதில்: தம்பி, செய்யலாம். குற்றம் பற்றிய தகவலைப் பொலிசுக்கு யாரும் கொடுக்கலாம், உறவு தேவையில்லை. உங்கள் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குப் போங்கள். அங்கே போகத் தயக்கமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலேயே சொல்லலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம். ஆனால் நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். அவன் இன்று இரவு எங்கே தங்குகிறான் என்பதுதான் முதல் கேள்வி. அந்த வீட்டுக்குப் போக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் குற்றவாளியா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. நீங்கள் கண்டதையும் கேட்டதையும் கண்டபடி சொன்னால் போதும். நீங்கள் எழுதியிருப்பது உண்மையென்று நிரூபிக்கப்பட்டால், அது சின்ன விஷயம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 360ஆ பிரிவு, பாலியல் நோக்கத்தோடு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ காசு, பொருள், வேறு நன்மை கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. 1995இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தண்டனை 20 ஆண்டு வரை போகலாம். சப்பாத்து வாங்கிக் கொடுப்பது மட்டும் குற்றமாகாது, எத்தனையோ நல்ல பயிற்றுநர்கள் தங்கள் கைக்காசில் அதைச் செய்கிறார்கள். அந்தச் செய்திகள்தான் நோக்கத்தைக் காட்டும். பாலியல் நோக்கத்தோடு உடலைத் தொட்டிருந்தால், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய 365ஆ பிரிவும் வரும். அதனால் போனைப் பத்திரமாக வையுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பெடியனையும் அழிக்க விடவேண்டாம்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ஆதாரம் காட்டுகிறேன் என்று அந்தப் படத்தை நிர்வாகசபைக் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் 286அ பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தில் அனுப்பினேன் என்று பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். போனை அப்படியே பொலிசிடம் காட்டுங்கள். முகநூலும் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும்படி எதையும் வெளியிடுவதை 365இ பிரிவு தடுக்கிறது. பெயர் போடாமல் "அம்மம்மாவோடு இருக்கும் பெடியன்" என்று எழுதினாலும் உங்கள் ஊரில் யாரென்று எல்லோருக்கும் விளங்கிவிடுமே.

அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நிறுத்துங்கள். தலைவர் ஒருமுறை, பொருளாளர் ஒருமுறை, ஐயர் ஒருமுறை என்று கேட்டால் பிள்ளை சோர்ந்து போவான். அதோடு, சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தார்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு நாள் கேட்பார். நானும் சட்டத்தரணிதான், அந்தப் பக்கம் நின்றால் நானும் கேட்பேன். அவன் தானாகச் சொன்னதை, அவன் பாவித்த அதே சொற்களில், திகதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் கேட்பதைப் பயிற்சி பெற்றவர்களிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் விடுங்கள்.

கடித விஷயத்துக்கு வருவோம். கழகம் வாங்கும் கடிதம் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. இந்தக் குற்றங்களைச் சமரசமாக முடிக்க முடியாது. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குக் கொண்டுபோவோம் என்று யாராவது சொன்னாலும் அதற்கு உடன்படாதீர்கள். மறைப்பதற்குக் காசு கைமாறினால் கொடுத்தவரும் வாங்கியவரும் புதிதாக மாட்டுவார்கள். அதைவிட மோசமான விளைவு வேறு. ஆளை இப்படி அனுப்பினால் அவர் மேல் எந்தப் பதிவும் இருக்காது. விசுவமடுவிலோ பூநகரியிலோ இன்னொரு கழகம் பொலிஸ் சான்றிதழ் கேட்டாலும் சுத்தமாக வரும், அங்கேயும் பெடியன்கள் இருப்பார்கள். கனடாக் காசைப் பற்றி: கொடுப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். கழகம் மூடி மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் காசு நிற்கும்.

மானநஷ்டம் என்று வெருட்டுவதற்குப் பயப்படாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்குப் போடலாம், ஆனால் நல்லெண்ணத்தோடு பொலிசுக்குக் கொடுத்த தகவலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தெரிந்துகொண்டே பொய் சொன்னால் அது வேறு கதை. அதனால்தான் சொல்கிறேன், கண்டது, கேட்டது, அவ்வளவுதான், ஊகம் வேண்டாம். யாராவது உங்களையோ பெடியனையோ மிரட்டினால் அதுவும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்க வழி தருகிறது. மிரட்டல் வந்த அன்றே அதையும் முறைப்பாடாகப் பதியுங்கள்.

உண்மையைச் சொன்னால், வழக்கு மேல் நீதிமன்றம் போய் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். இதைப் பெடியனுக்கும் அம்மம்மாவுக்கும் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லாவிட்டால் கிளிநொச்சியில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கழகத்துக்கு இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: விசாரணை முடியும்வரை பயிற்றுநரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது. அது தண்டனை ஆகாது. இரவுத் தங்கல் இல்லை, பயிற்றுநர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டு பெரியவர்களாவது போகவேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டுக்காகத் தாய் குவைத்தில் இருந்து வரவேண்டியதில்லை. அம்மம்மா தமிழில் சொல்வதைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு பெருவிரல் அடையாளம் வைக்கட்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது பெடியனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துப் போங்கள், வயதைத்தான் முதலில் கேட்பார்கள்.