கட்டுச்சோறு சரி, கட்டுவது யார்?

கேள்வி:

ஜூன் கடைசியில் அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், ஒன்றரை வயது மகள், அடுத்த வாரம் கோவையிலிருந்து வரப்போகும் மாமா, அத்தை. நான்கு நாள் டிஸ்னி, ஒரு நாள் யுனிவர்சல் தீம் பார்க். அத்தை சுத்த சைவம். சர்க்கரை நோயும் இருப்பதால் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். "புளிசாதம், எலுமிச்சை சாதம் கட்டிக்கலாம், அங்கே என்ன கிடைக்குமோ" என்று போனிலேயே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். கணவரோ, "இவ்வளவு செலவு பண்ணிப் போய், அங்கே டிப்பன் டப்பாவைத் திறந்துகிட்டு உட்கார்ந்தா அசிங்கமா இருக்கும். எல்லாம் உள்ளேயே வாங்கிக்கலாம்" என்கிறார். உள்ளே சாப்பாட்டை விடுவார்களா என்பதே எனக்குத் தெரியவில்லை. ஊரில் ஒரு தீம் பார்க்குக்குப் போனபோது வாசலிலேயே பையைப் பிரித்து முறுக்கு முதற்கொண்டு வாங்கி வைத்துவிட்டார்கள். விடுவார்கள் என்றால் தினமும் நாலு மணிக்கு எழுந்து கட்டித் தர நான் தயார். என்ன செய்யட்டும்?

- ஒரு வாசகி, அட்லாண்டா

பதில்:

சகோதரி, முதலில் வாசல் விவகாரத்தை முடித்துவிடுவோம். டிஸ்னி வேர்ல்டில் விடுவார்கள். உங்கள் குடும்பம் சாப்பிடுவதற்கான உணவையும், மது அல்லாத பானங்களையும் தாராளமாகக் கொண்டுபோகலாம். அந்த உணவைச் சூடாக்கவோ ஃபிரிட்ஜில் வைக்கவோ தேவை இருக்கக் கூடாது, கடுமையான வாடை அடிக்கக் கூடாது, கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டி கொண்டுபோனால் 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். உதிரி ஐஸ் கட்டிகளுக்கும் உலர் பனிக்கும் (டிரை ஐஸ்) அனுமதி இல்லை. உறைய வைத்து எடுத்துப்போகும் ஐஸ் பேக் போடலாம்.

இதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது கண்ணாடியில்தான். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊறுகாய் எடுத்துப்போகும் பழக்கம் அத்தைக்கு இருந்தால் அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மாமாவின் காபி பிளாஸ்க்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே கண்ணாடிக் குடுவை இருக்கும் அந்தக் காலத்து பிளாஸ்க் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். எவர்சில்வர் டப்பாவுக்குத் தடை இல்லை. ஆனால் பரிசோதனைக் கருவியில் கனமான உலோகம் தெரிந்தால் நிறுத்திப் பார்ப்பார்கள். டப்பாவை முன்பே கையில் எடுத்து வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். வாடை என்று அவர்கள் சொல்வது கருவாட்டைப் போன்றதை. பெருங்காயத்துக்குப் பயப்பட வேண்டாம், மூடி இறுக்கமாக இருந்தால் போதும்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். அவருடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. என்றைக்கோ ஆபீஸ் மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடாக்கியபோது யாரோ மூக்கைச் சுளித்திருப்பார்கள். அது டிஸ்னி வரைக்கும் கூடவே வருகிறது. உள்ளே போய்ப் பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த நிழலான பெஞ்சையும் அவர் பார்க்கட்டும். அமெரிக்கக் குடும்பங்கள் ஜிப்லாக் பையிலிருந்து பீநட் பட்டர் சாண்ட்விச்சை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். திராட்சை, பிஸ்கட், சீஸ் குச்சி எல்லாம் அந்தப் பைகளிலிருந்து வரும். நம்முடைய தட்டையும் அந்த ஜிப்லாக் பையில்தான் போகப்போகிறது.

ஆனால் அவர் சொல்வதில் பாதி நியாயமும் இருக்கிறது. டோல் விப் என்கிற அன்னாசிக் கூழ் ஐஸைப் பிள்ளைகள் அங்கே நின்றுதான் சாப்பிட வேண்டும். மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இந்தா, கடலை மிட்டாய்" என்று நீட்டினால் அது கொடுமை. பையனுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, எது என்று அவனையே முடிவுசெய்ய விடுங்கள். காலையிலேயே முடிவுசெய்துவிட்டு அவன் நாள் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருப்பான். அதுவும் பயணத்தில் சேர்த்திதான்.

"நாலு மணிக்கு எழுந்து கட்டித் தர நான் தயார்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அது. நானும் ஒருகாலத்தில் அப்படித் தயாராக இருந்தவள்தான். முதல் தடவை போனபோது ஏழு பேருக்கு மூன்றரை மணிக்கு எழுந்து சாதம் வடித்தேன். விடுதி அறையில் கடுகு தாளித்ததில் புகை மணி அலறி, பக்கத்து அறைக்காரர்கள் ராத்திரி உடையில் வெளியே வந்து நின்றார்கள். அன்றைக்குப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரியில் ஏறி உட்கார்ந்தது நினைவிருக்கிறது. இறங்கும்போது என் மகள் என்னை உலுக்கி எழுப்பியதும் நினைவிருக்கிறது. நடுவில் பாடிய ஒரு பொம்மையையும் நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: பார்க்குக்குப் போகும் நாளில் காலையில் அடுப்பு கிடையாது. பையில் போகும் எல்லாமே முதல் நாள் இரவே தயாராக இருக்க வேண்டும், பையை நிரப்புவது ஆண்களும் பிள்ளைகளும். உங்கள் வீட்டில் அந்த வேலையை, கூச்சப்படுகிறாரே, அவரிடமே கொடுங்கள். தானே நிரப்பிய பையைத் திறக்க யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

சரி, பையில் எதைப் போடுவது? அத்தை வருத்தப்படுவார் என்று தெரிந்தே சொல்கிறேன், பார்க்குக்குள் சாதம் வேண்டாம். ஜூனில் ஆர்லாண்டோவில் பகல் வெயில் 32, 33 டிகிரி செல்சியசைச் சாதாரணமாகத் தொடும். சமைத்த உணவைக் குளிரில் வைக்காமல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. சாதம் இந்த விஷயத்தில் தனி வம்பு. அதில் வளரும் ஒருவகை பாக்டீரியா சமைக்கும் சூட்டையும் தாண்டி உயிர் பிழைக்கும், ஆறிய சோற்றில் பெருகி வாந்தியை வரவழைக்கும். "கோயில் புளியோதரை கெடுவதில்லையே" என்று அத்தை கேட்பார். அதில் ஊற்றும் எண்ணெயும் புளியும் உப்பும் நம் கைக்கு வராது. அதுவும் சர்க்கரைக்காரருக்காகக் குறைத்துப் போடுகிற வீட்டில் சுத்தமாக வராது. ஐஸ் பேக்கோடு வைத்தால் கெடாது, ஆனால் பருக்கை விறைத்துக் கல் மாதிரி ஆகிவிடும். அங்கே சூடாக்கவும் வழி இல்லை.

கட்டுச்சோற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினாலே ஆறரை, ஏழு மணி நேரம். ஐ-75 நெடுஞ்சாலை நெடுக ஓய்விடங்களில் மரத்தடியில் மேசை, பெஞ்சு போட்டிருப்பார்கள். காலையில் கிளம்பும்போது சுடச்சுடப் புளிசாதத்தைக் கிளறிச் சூடு தாங்கும் டப்பாவில் அடைத்து, சூடு இறங்குவதற்குள் அங்கே பிரித்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள வறுத்த அப்பளம், உருளை வறுவல். அந்த ஒரு வேளையை அத்தை பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். கோவையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறவருக்கு அதைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

பார்க்குக்குள் உலர்ந்தவை மட்டும். முறுக்கு, தட்டை, வறுத்த கொண்டைக்கடலை, பாதாம், பொரி, கடலை மிட்டாய். சாக்லேட் உருகும், தேங்காய் போட்ட எதுவும் சீக்கிரம் கெடும். மதியத்துக்கு முதல் நாள் இரவே சுட்டு ஆற வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்த சப்பாத்தி, தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டியது. அத்துடன் ஆப்பிள், வெள்ளரிக்காய். சப்பாத்தியும் காயும் ஐஸ் பேக் பக்கத்தில். தண்ணீர் பாட்டில்களில் இரண்டை ராத்திரியே உறைய வைத்துவிட்டால் அவையே ஐஸ் பேக், மதியத்துக்கு மேல் அவையே குடிநீர். மற்றபடி தண்ணீரைச் சுமக்காதீர்கள். உள்ளே கவுண்டரில் ஆர்டர் கொடுத்து வாங்கும் உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். எதையும் வாங்க வேண்டும் என்றில்லை.

காரில் சாப்பாட்டை வைத்துவிட்டு மதியம் வந்து சாப்பிடலாம் என்று மாமா யோசனை சொல்லக்கூடும். டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் போகும் நாளில் அது நடக்காது. அந்தப் பார்க்கின் கார் நிறுத்தத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஏரி இருக்கிறது. படகிலோ மோனோரயிலிலோ போய்த் திரும்புவதற்குள் அரைப் பொழுது ஓடிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் சாப்பாடு என்ன ஆகும் என்பது தனிக் கதை.

அத்தையின் சர்க்கரையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். நாள் முழுக்க நடப்பதால் அளவு வழக்கத்தைவிட இறங்கலாம். விமானம் ஏறுவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கொண்டைக்கடலையும் நான்கு குளுக்கோஸ் மாத்திரையும் உங்கள் பையில் அல்ல, அவர் கைப்பையிலேயே இருக்கட்டும். நீங்கள் பையனோடு ஒரு வரிசையிலும் அவர் மாமாவோடு இன்னொரு பக்கமும் இருப்பீர்கள். இன்சுலின் என்றால், ஒவ்வொரு பார்க்கிலும் முதலுதவி மையம் உண்டு, மருந்தைக் குளிரில் வைத்துத் தருவார்கள். அவர் கடையில் வாங்கிச் சாப்பிட விரும்பினால், பட்டியலில் பச்சை இலைக் குறி போட்டவை முழுக்கத் தாவர உணவு. முட்டை, பால்கூடச் சேராது.

சின்னவளுக்குப் பருப்பு சாதம் இல்லாமல் ஆகாது என்றால் அதற்கு மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு பார்க்கிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் இருக்கிறது. மைக்ரோவேவும் உயர நாற்காலியும் அங்கே உண்டு. ஐஸ் பேக்கோடு சின்ன டப்பாவில் கொண்டுபோய் அங்கே நன்றாகச் சூடாக்கி ஊட்டலாம். அந்த மைக்ரோவேவில் பெரியவர்களின் சப்பாத்தியையும் வைத்து எடுக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் நீங்களே தடுத்துவிடுங்கள்.

யுனிவர்சல் நாள் வேறு மாதிரி. அங்கே சூடாக்கத் தேவையில்லாத சின்னத் தீனிகள், 2 லிட்டர் வரை தண்ணீர், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு ஆகியவற்றைத்தான் விடுவார்கள். ஐஸ் பெட்டியோடு குடும்பச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் உங்கள் ஊர் அனுபவம் திரும்பவும் நடக்கும். அத்தையின் சப்பாத்தியை மட்டும் தனிப் பொட்டலமாகக் கட்டி, கேட்டால் சர்க்கரை நோய் என்று சொல்லுங்கள். மற்றவர்கள் உள்ளே வாங்கிச் சாப்பிடலாம். உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்டபடி ஒரு நாள்.

பொரியைத் திறக்கும்போது கொஞ்சம் கவனம். நீண்டு வளைந்த அலகோடு வெள்ளை அரிவாள்மூக்கன்கள் காலடியில் திரியும், கூச்சமே இல்லாத பறவை. எங்கள் தட்டையில் இரண்டு அதற்குத்தான் போனது.

கடைசியாக ஒன்று. அத்தை அடுத்த வாரமே கிளம்புவதால் இன்றைக்கே போன் செய்துவிடுங்கள். பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலையை ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கறிவேப்பிலையில் தங்கும் ஒரு சின்னப் பூச்சிதான் ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிறது. 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய் அங்கே ஆரஞ்சுத் தோப்புகளையே சூறையாடிவிட்டது. அதனால் விமான நிலையத்தில் விடவே மாட்டார்கள், மறைத்தது தெரிந்தால் அபராதம். மற்ற தின்பண்டங்களைப் படிவத்திலோ அதிகாரியிடமோ "உணவு இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. புளிக்காய்ச்சலை மட்டும் அவர் கையாலேயே காய்ச்சிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பையில் வேண்டாம், 100 மில்லிக்கு மேல் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், இரண்டு கவர் போட்டு, துணிகளுக்கு நடுவில்.