அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டே ஐசர், சி.எம்.ஐ. போன்ற நிறுவனங்களுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி கேட்ட தம்பி அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறார். முதல் குரூப், தமிழ் வழி. கணிதமும் இயற்பியலும் பிடிக்கும், நீட், ஜே.இ.இ. இரண்டிலும் நாட்டமில்லை, ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை, இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் அரசுப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியர். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இந்தப் பாதையில் போயிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து விண்ணப்பம் நிரப்பி, சான்றிதழுக்கு அலைந்து தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தவரை, இந்த நிறுவனங்களுக்குப் போக முடியாத நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேர்வில் தோற்றவர்கள் அல்லர், தேர்வே எழுதாதவர்கள். பெயர் தெரியாது, தெரிந்தாலும் விண்ணப்பத் தேதி தெரியாது, தேதி தெரிந்தாலும் கையில் உரிய சான்றிதழ் இருக்காது. பதினோராம் வகுப்பிலேயே கேட்டுவிட்டீர்கள் என்பதே உங்களுக்குப் பெரிய பலம்.

ஐசர் என்பது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்காம்பூர் என ஏழு இடங்களில் இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு, முடிக்கும்போது இளநிலை, முதுநிலை இரண்டும் கையில் இருக்கும். அதற்கான நுழைவுத்தேர்வை ஐ.ஏ.டி. என்பார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள், ஆக 60. நேரம் 3 மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிப்பு. நீங்கள் முதல் குரூப் என்பதால் உயிரியல் கைவசம் இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தாதீர்கள், கால் பங்கு மதிப்பெண் அதில்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கிறார்கள். புவனேசுவரத்தில் இருக்கும் நைசருக்கு, அதாவது தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, நெஸ்ட் என்று தனித் தேர்வு.

கணிதம் மட்டும்தான் உயிர் என்றால் இரண்டு இடங்கள். ஒன்று சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம். சி.எம்.ஐ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. நம் மாநிலத்திலேயே இப்படியோர் இடம் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. மற்றது புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். இளநிலைப் புள்ளியியல் கொல்கத்தாவில், இளநிலைக் கணிதம் பெங்களூரில். இந்த இரண்டு தேர்வுகளிலும் விடையைக் குறித்தால் மட்டும் போதாது. ஒரு பகுதியில் காரணத்தை வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் திணறும் இடம் அதுதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 5 என்றால் 125-லிருந்து 5 போக 120. 4 என்றால் 64-லிருந்து 4 போக 60. இரண்டும் 6-ஆல் வகுபடுகின்றன. எல்லா முழு எண்களுக்கும் இப்படியே வருமா? வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் பத்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, வரும் சார் என்பார்கள். பத்து எண்களுக்கு வந்தால் பதினோராவதற்கும் வரும் என்று யார் சொன்னது? காரணம் வேண்டும். காரணிப்படுத்தினால், அந்த எண், அதற்கு முந்தையது, அடுத்தது ஆகிய மூன்றின் பெருக்கல் கிடைக்கிறது. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்றாவது இரட்டைப்படையாக இருந்தே தீரும், ஒன்று 3-இன் மடங்காக இருந்தே தீரும். ஆகவே பெருக்கல் 6-ஆல் வகுபடும். முடிந்தது, இனி எந்த எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

இத்தோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். கனத்துக்குப் பதிலாக நான்காம் அடுக்கு எடுத்து 4-ஆல் வகுத்துப் பார்த்தால்? 2-இன் நான்காம் அடுக்கு 16, 2 போக 14, 4-ஆல் வகுபடவில்லை. ஐந்தாம் அடுக்கு? 32-லிருந்து 2 போக 30; 243-லிருந்து 3 போக 240. எப்போதும் 30-ஆல் வகுபடும் போலிருக்கிறதே, உண்மையா? அதை நிறுவுங்கள், உங்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒரு மாலை முழுக்க ஆனாலும் விடையைத் தேடி இணையத்துக்குப் போகாதீர்கள். பகுதி வழி கிடைத்தால் அதையும் எழுதி வையுங்கள். ஒரு கணக்கோடு இப்படி மல்லுக்கட்டப் பழகியவர்களைத்தான் அந்தத் தேர்வு தேடுகிறது. நூறு மாதிரிக் கணக்குகளின் வழிமுறையை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே நின்றுவிடுகிறார்கள்.

இதற்குத் தனிப் புத்தகம் வாங்கும் முன் நம் பாடநூலை முழுசாகப் படியுங்கள். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் ‘சேர்ப்பியல் மற்றும் கணிதத் தொகுத்தறிதல்’ என்ற பாடம் இருக்கிறதே, அது ஒன்றே பெரிய சுரங்கம். பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பை ஓட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இந்த நுழைவுத்தேர்வுகளில் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள், ஆகவே பொதுத்தேர்வைக் கணக்கில் வைத்துப் பதினோராம் வகுப்பைக் கைவிடக் கூடாது. நம் நூலை முடித்த பிறகு, ஐ.ஏ.டி.க்காக என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எல்லா நிறுவனங்களின் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வையும் எழுதுங்கள்: 30 கேள்விகள், 3 மணி நேரம். தேர்ச்சி பெறாவிட்டாலும் அந்தக் கேள்விகளோடு பழகுவது வீண்போகாது.

தமிழ் வழி என்பதால் தயங்க வேண்டாம், ஆனால் வேலை கொஞ்சம் கூடுதல். வினாத்தாளில் தமிழ் இருக்காது. நம் பாடநூல் இரு மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் ஒரு பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு அதே பாடத்தை ஆங்கிலப் பதிப்பில் வாசியுங்கள். தினம் இரண்டு பக்கம் போதும். ஓராண்டில் வினாத்தாள் ஆங்கிலம் பழகிவிடும். பேச்சு ஆங்கிலத்தைப் பற்றி இப்போது கவலைப்படவே வேண்டாம்.

அடுத்தது காகித வேலை. ஆசிரியர்களும் பெற்றோரும் இதைத்தான் குறைவாக மதிக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் நடக்கும். இந்த விண்ணப்பங்களில் பலவும் அதையொட்டிய மாதங்களில்தான் திறந்து மூடும். தேர்வுப் பதற்றத்தில் தேதி போய்விடும். ஆகவே சனவரியிலிருந்து வாரம் ஒரு நாள் நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்ப்பதை வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் விடுங்கள். அக்காவோ சித்தப்பாவோ, செல்போன் பார்க்கத் தெரிந்த யாராக இருந்தாலும் சரி.

சாதிச் சான்றிதழில் பெரிய சிக்கல் உண்டு. பி.சி., எம்.பி.சி. என்று நம் மாநில அரசு தரும் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. ஓ.பி.சி. என்று மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், அதில் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில், வரவில்லை என்ற விவரமும் இருக்க வேண்டும். அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாகக் கேட்பார்கள் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. அதையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். என் மாணவி ஒருத்தி நல்ல தரவரிசையில் வந்தும், கையில் மாநிலச் சான்றிதழ் மட்டுமே இருந்ததால் பொதுப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டு, அந்த ஆண்டு இடத்தை இழந்தாள். அவ்வளவு உழைத்த பிள்ளைக்கு ஒரு தாளால் அப்படி நடந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளும் சான்றிதழின் வடிவத்தை அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். புள்ளியியல் நிறுவனத்தில் தேர்வில் நன்றாகச் செய்யும் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, ஆனால் கட்டணச் சலுகையும் உண்டு. சேரும்போதே கேட்க வேண்டும், கேட்க வெட்கப்படக் கூடாது. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பொதுத்தேர்வில் மாநில அளவில் மேலே வந்தவர்களுக்கு அது கிடைக்கும், ஆகவே பள்ளி மதிப்பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் சேரும் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசும் 2022 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நீங்கள் சேரும் நிறுவனம் அதில் அடங்குமா என்பதைத் தலைமையாசிரியர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அப்பா, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். சி.எம்.ஐ.யில் கணிதத்தோடு கணினி அறிவியலும் சேர்த்தே படிக்கலாம். அங்கிருந்து ஆராய்ச்சிக்கும் போகிறார்கள், மென்பொருள், நிதித் துறை வேலைகளுக்கும் போகிறார்கள். அவரை உங்கள் கணித ஆசிரியரிடம் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அது பலிக்கும்.

ஒருவேளை இந்த ஆண்டு எதுவும் அமையாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. நல்ல கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ சேர்ந்துவிடுங்கள். மூன்றாண்டு கழித்து ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம், சி.எம்.ஐ.யும் முதுநிலைக்குத் தனியாகத் தேர்வு வைக்கிறது. அதனால் கலைக் கல்லூரி விண்ணப்பங்களையும் மே மாதத்திலேயே போட்டு வைத்துவிடுங்கள். அந்த ஐந்தாம் அடுக்குக் கணக்கை முடித்தால் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.