எவர்சில்வரில் தெரியும் முகம்: விளம்பரப் புகைப்படக்காரர்களின் கேள்விகள்

கே: எவர்சில்வர் கெட்டில் ஒன்றைப் படமெடுக்க வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி), ட்ரைபாட், நான், எல்லோரும் அதில் தெரிகிறோம். போலரைசர் ஃபில்டர் மாட்டிச் சுற்றிப் பார்த்தும் போகவில்லையே?

போகாது. தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றின் பளபளப்பைத்தான் அந்த ஃபில்டர் குறைக்கும். பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் போலரைஸ் ஆவதில்லை, அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் ஒழுங்காவதில்லை. ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வீணாவதுதான் மிச்சம். விளக்குக்கு ஒரு போலரைசர் ஷீட், லென்சுக்குக் குறுக்குத் திசையில் இன்னொன்று என்று போட்டால் பிரதிபலிப்பு அடங்கும். ஆனால் கெட்டிலும் கரி பூசியதுபோல் செத்துப்போகும். உலோகத்துக்குப் பிரதிபலிப்புதான் உருவமே. அதை ஒழிக்கப் பார்க்காதீர்கள். அதில் எது தெரியவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

முதலில் அறை விளக்குகளை அணைத்து, ஜன்னலை மூடுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 1/125 வினாடி வைத்து, ஃப்ளாஷ் எரியாமல் ஒரு படம். அது முழுக்கக் கறுப்பாக வரவேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை வெளிச்சம் கசிகிறது என்று அர்த்தம். அடுத்து, கெட்டிலின் இரு பக்கமும் டிரேசிங் பேப்பரையோ டிஃப்யூஷன் ஷீட்டையோ நிமிர்த்தி நிறுத்துங்கள். அவை கெட்டிலைவிட உயரமாகவும், ஃப்ரேமுக்குள் வராத அளவுக்கு நெருக்கமாகவும் இருக்கட்டும். விளக்கைப் பேப்பரோடு ஒட்டி வைத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். அரை மீட்டர் தள்ளி, கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பலாக இறங்கும். பாத்திரத்தின் வளைவைக் காட்டுவது அந்த இறக்கம்தான்.

இப்போது ஓரங்கள் வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோயிருக்கும். இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு அட்டைப் பட்டைகளை வெட்டி, படத்தில் வராதபடி கெட்டிலின் இரு பக்கமும் நிறுத்துங்கள். விளிம்பில் கறுப்புக் கோடு விழும். உருண்டையான பரப்பு அறை முழுவதையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கேமராவை அறவே மறைக்க முடியாது. 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸோடு பின்னால் போனால் அது சின்னப் புள்ளியாகச் சுருங்கும். கேமரா மேலுள்ள வெள்ளை எழுத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, டைமர் போட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். மீதமுள்ள புள்ளியைக் கைப்பிடியின் பிரதிபலிப்புக்குள் ஒளித்துவிடலாம், இல்லையென்றால் ரீடச்சில் எடுத்துவிடலாம்.

துடைக்கும் வேலையைக் கடைசியில் வையுங்கள். பருத்திக் கையுறையோடு பொருளை இடத்தில் வைத்த பிறகு மைக்ரோஃபைபர் துணி, அதன்பின் ப்ளோயர். ஒரு கைரேகையைக் கணினியில் அழிக்கிற நேரத்தில் இரண்டு பாத்திரத்தைப் பளபளவென்று துடைத்துவிடலாம்.

கே: கறுப்பு பாலியஸ்டர் சட்டை படத்தில் மெரூன் கலந்த பழுப்பாக வருகிறது. நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டு வைத்துத்தான் எடுத்தேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

உங்கள் ஒயிட் பேலன்ஸில் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பு) தவறில்லை. செயற்கை இழைக்கான சில கறுப்புச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சென்சார் முன்னுள்ள ஃபில்டர் அதில் கொஞ்சத்தை விட்டுவிடுவதால், அது சிவப்பாகப் பதிவாகிறது. ஹாலோஜன் விளக்கில் இந்தத் தொல்லை மிக அதிகம். எல்இடி விளக்கில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ளதாகப் பார்த்து மாற்றி எடுங்கள். மறுபடி எடுக்க வழியில்லையென்றால் சட்டையை மட்டும் மாஸ்க் செய்து சிவப்பின் சாச்சுரேஷனைக் குறைத்துவிடுங்கள்.

அனுப்பும் ஃபைல் எஸ்ஆர்ஜிபியில் (திரைகளுக்கும் இணையத்துக்கும் வழக்கமான நிற அமைப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் போனால் பல இடங்களில் நிறம் வெளிறித் தெரியும், பழி உங்கள் தலையில் விழும்.

கே: ஒரு நாள் படப்பிடிப்புக்கு எவ்வளவு கேட்பது? மற்றவர்கள் கேட்பதைப் பார்த்துச் சொல்லி வருகிறேன், கையில் எதுவும் தங்குவதில்லை.

மற்றவர்களின் செலவு உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கைப் போடுங்கள். வாடகை, மின்சாரம், மென்பொருள் சந்தா, காப்பீடு, பயணம், வரி, வீட்டுக்கு எடுக்க வேண்டிய சம்பளம் எல்லாவற்றையும் ஓராண்டுக்குக் கூட்டுங்கள். கேமராவும் விளக்கும் 4 ஆண்டு உழைக்கும் என்று வைத்து, விலையில் நாலில் ஒரு பங்கையும் சேர்க்கவேண்டும். பலர் விட்டுவிடுகிற இனம் இது. கேமரா பழுதாகும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

அந்தத் தொகையை 365ஆல் வகுத்தால் ஏமாந்தீர்கள். வாரத்துக்கு 2 நாள் படப்பிடிப்பு, ஆண்டுக்கு 48 வாரம் வேலை என்றால் கூலி வருவது 96 நாளுக்குத்தான். மீதி நாட்கள் எடிட்டிங், கொட்டேஷன், பாக்கி வசூல் என்று போய்விடும். 96ஆல் வகுத்து வருவது அடக்க விலை. லாபம் அதற்கு மேல்.

பயன்பாட்டு உரிமம் தனிக் கணக்கு. எந்த ஊடகம், எவ்வளவு காலம், எந்தப் பகுதி என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். ஓராண்டு இணையதளத்தில் போடும் படமும், நாடு முழுக்க பேனராகத் தொங்கும் படமும் ஒரே விலையாக இருக்க முடியாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல் எழுத்தில் போடுங்கள். முன்பணம் பாதி, திருத்தம் 2 சுற்று, தேதி ரத்தானால் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். "இந்தத் தடவை பார்த்துச் செய்யுங்கள், அடுத்து நிறைய வேலை தருகிறோம்" என்பவருக்கு விலையைக் குறைக்காதீர்கள், படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கே: கடைக்குள் எடுத்த படங்களில் குறுக்கே இருட்டுப் பட்டைகள். கேமரா கோளாறா?

விளக்கு. மாறுதிசை மின்சாரத்தில் சில எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும்: 50 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100 தடவை. ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு இறக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. சைலண்ட் ஷட்டரை (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) அணைத்துவிடுங்கள்.

கே: வேலை முடித்துக் கணினியில் போட்டால் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கிறது. உள்ளே ஒரு நாள் வேலை இருக்கிறது.

'ஆம்' அழுத்தாதீர்கள், அதில் இன்னொரு படமும் எடுக்காதீர்கள். எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டு லாக்கைத் தள்ளி, முதலில் வேறு ரீடரிலும் கேபிளிலும் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான். இல்லையென்றால் மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். இனி இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள். 2 டிஸ்க்கில் பிரதி ஏறாமல் கார்டை ஃபார்மட் செய்யக்கூடாது. ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

கே: 40 அடி ஹோர்டிங்குக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஃபைல் கேட்கிறார்கள். என் கேமரா 24 மெகாபிக்சல்தான்.

கையில் பிடித்துப் படிக்கும் அச்சுக்குத்தான் 300. 6000 x 4000 பிக்சல் அந்தக் கணக்கில் 20 அங்குல அகலம் வரும். ஹோர்டிங்கைச் சாலையிலிருந்து பார்க்கிறார்கள். 40 அடிக்கு இதே ஃபைல் அங்குலத்துக்கு 12.5 பிக்சல்தான் தருகிறது, தூரத்திலிருந்து பார்க்க அதுவே பெரும்பாலும் போதும். அச்சகத்தில் அவர்களுக்கு வேண்டிய பிக்சல் அளவைக் கேளுங்கள், டிபிஐயை அல்ல.