சோதனைப் பதிப்பில் படம் ஏற்றுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஓவியர்கள் தங்கள் படைப்புகளைப் பகிர்ந்துகொள்ள உருவாகிவரும் ஒரு செயலியை மூன்று வாரமாகச் சிலர் சோதித்துவருகிறோம். பிழைகளைத் திரட்டி, செயலி எழுதுபவரிடம் சேர்ப்பது என் வேலை. பணம், விளம்பரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கும்பகோணத்து ஓவியர்: ஆண்டாள் படத்தை ஏற்றினால் கையிலிருக்கும் கிளி மட்டும் வெளுத்துப்போகிறது. ஸ்கேனர் பழுதா?

ஸ்கேனர் மேல் பழி போடாதீர்கள். கோப்பில் நிறங்கள் எண்களாகத்தான் இருக்கும். எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோலுக்கு நிறவெளி என்று பெயர். உங்கள் கோப்பு அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கிறது. இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் நிறக் குறிப்பு ஒன்று கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும். செயலி அதைக் கழற்றி எறிகிறது. போனோ அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற, அகலம் குறைந்த வழக்கமான நிறவெளி என்று எடுத்துக்கொள்கிறது. அடோபி ஆர்ஜிபிக்குப் பச்சைப் பக்கம்தான் அகலம் அதிகம். அதனால் பச்சைக்குத்தான் முதல் அடி. படத்திலுள்ள சிவப்புத் திரைச்சீலை கொஞ்சம் மங்கியதோடு தப்பித்தது, கிளிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஏன் கழற்றுகிறது என்பதுதான் வேடிக்கை. வீட்டில் எடுத்த புகைப்படத்தில் வீடு இருக்கும் இடமே பதிந்துவருகிறது என்று முதல் வாரத்தில் ஒருவர் புகார் செய்தார். நியாயமான புகார். செயலி எழுதுபவர் பதறிப்போய், படத்தோடு வரும் எல்லாக் குறிப்புகளையும் ஒரே வரியில் அழித்துவிட்டார். இடம் போனது, நிறமும் கூடவே போனது.

சரியாகும்வரை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஏற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் குறிப்பை மட்டும் மாற்றி ஒட்டும் கட்டளையும், தோற்றம் கெடாமல் எண்களையே மாற்றும் கட்டளையும் அடுத்தடுத்து இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. மாற்றுவது நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

ஐபோனில் எப்போது வரும்?

வந்துவிட்டது. சோதனைப் பதிப்புகளுக்கான ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட் வழியாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும்.

ஆண்ட்ராய்டு சோதனையில் சேர்ந்த நான்காம் நாளே விலகிவிட்டேன். பரவாயில்லையே?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு செயலி வெளியிடத் தனிநபர் கணக்குத் தொடங்கியவர், குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருந்தால்தான் பிளே ஸ்டோரில் வெளியிட விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேர் வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்ததே 12 பேர். திரும்பி வாருங்கள்.

கோலம் வரைபவர்: காவிக் கோடுகள் கசிந்து தெரிகின்றன. செயலி சரியில்லை.

"சரியில்லை" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போன் எது, பதிப்பு எண் என்ன, எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், இந்த மூன்றும் வேண்டும். இம்முறை படத்தைப் பார்த்தே புரிந்தது. நீங்கள் ஏற்றிய ஜேபெக் கோப்பு வகை வெளிச்சத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும். வெள்ளைக்கு அருகே மெல்லிய காவி என்றால் கசியத்தான் செய்யும். நிறத்தை அப்படிக் குறைக்காத பிஎன்ஜி வகையாக ஏற்றிப் பாருங்கள்.

காரைக்குடி உறுப்பினர்: படத்தின் குறுக்கே பெயரைப் பொறிக்கும் வசதி வேண்டும். இல்லாவிட்டால் திருடுவார்கள்.

குறுக்கே பெயர் போட்ட படத்தைத் திருடனும் பார்க்க மாட்டான், வாங்க வருபவரும் பார்க்க மாட்டார். நீளப் பக்கம் 1500 பிக்சலுக்கு மேல் ஏற்றாதீர்கள். திருடியவர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 5 அங்குலம்தான் வரும்.

சென்னை ஓவியர்: மூலையில் கையொப்பம் இருந்தால் போதாதா?

செயலியின் சதுர முன்னோட்டமே முதலில் மூலையைத்தான் வெட்டுகிறது.

மீண்டும் காரைக்குடி: 5 அங்குலம் போதுமே! வாழ்த்து அட்டை அந்த அளவுதான். என் கோலாட்டப் படத்தை அப்படித்தான் விற்றார்கள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சுவரில் மாட்டும் படத்தை மட்டுமே நினைத்துக்கொண்டு பேசிவிட்டேன். விருப்பப்பட்டவர் மட்டும் பெயர் பொறிக்கலாம் என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் முகத்தின் மேல் போடாதீர்கள், ஐயா.

பதிவு செய்யாத ஓவியத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டா?

உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஓவியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். வழக்கு நடத்துவதென்றால் வழக்கறிஞரிடம் போங்கள்.

ஐபோனில் கிடைக்குமா?

மேலே படியுங்கள்.

ஐபோனுக்கு இணைப்பு அனுப்ப முடியுமா?

மேலே.

கும்பகோணத்து ஓவியர்: நேற்றிரவுப் புதுப்பிப்புக்குப் பிறகு என் 14 படங்களையும் காணவில்லை. திரும்ப வருமா?

வராது. சோதனைத் தரவுகளை அழிக்கப்போகிறோம் என்று திங்கட்கிழமையே அறிவித்தோம். இது படத்தைப் பாதுகாக்கும் பெட்டகம் இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது! மூலக் கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கின்றன அல்லவா? மறுபடி ஏற்றுங்கள். கிளியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகு.